உதைத்தால் திறக்கும்

தம்பி அப்புசாமிக்குப் பெண் பார்க்க ஆட்டையாம்பட்டி போயிருந்தபோது, காபித் தம்ளரைக் கையில் வாங்கியதும் கண்ணுசாமி கேட்ட முதல் கேள்வி, “பொறவுக்குப் போற வழி எங்கீங்க இருக்குது?” என்பதுதான். பெண்ணின் அப்பா, பாவம், மாப்பிள்ளையின் அண்ணனுக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்து, வழி காட்ட ஒரு ஆளையும் கூட அனுப்பினார். கண்ணுசாமி சொம்பை ஓரமாக வைத்துவிட்டுப் புறக்கடைக் கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, வெளிப்பக்கமாக மாற்றி வையுங்கள் என்றார். அதற்கப்புறமும் அந்த வீட்டார் பெண் கொடுத்தார்கள் என்றால் அது அந்தப் பெண் சௌந்திரத்துக்கு அப்புசாமியைப் பிடித்துப் போனதால்தான். கண்ணுசாமியின் சம்சாரம் கந்தம்மாள் இந்தக் கதையை எந்த விசேஷத்துக்குப் போனாலும் எடுத்துவிடுவாள்.

அவர் அப்படித்தான். டூரிங் டாக்கீஸ் போனால் வாசல் படுதா ஓரமாக உட்காருவார். கல்யாணப் பந்தியில் வாசலுக்குப் பக்கத்து இலைதான் வேண்டும். கிறுக்கு என்று சொன்னவர்கள் உண்டு, அவருக்கும் அது தெரியும். ஆனால் திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டோரம் இருந்த அந்தப் பாடி கட்டும் பட்டறையில், தகரத்தையும் ஆங்கிள் இரும்பையும் அவரைப் போல ஒட்ட வைக்கிற வெல்டர் வேறு ஆள் இல்லை. பஸ்ஸுக்கு, லாரிக்குப் பாடி கட்டினார். ஊரில் போர்க்கிணறு போடும் ரிக் வண்டிகள் பெருகிய பிறகு, ரிக் ஆட்கள் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கிற வண்டிகளையும் கட்டினார். ஓடித் தேய்ந்த பழைய பஸ்ஸை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு, இரண்டு பக்கமும் படுக்கைப் பலகை அடித்து, ஒரு மூலையில் அடுப்பு மேடை வைத்தால் அதுதான் ஊட்டுவண்டி. மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு வீடு அதுதான்.

எழுபத்தேழில் அவர் கட்டிய முதல் ஊட்டுவண்டிக்குக் கதவு உள்பக்கமாகத் திறந்தது. வெளிப்பக்கம் திறந்தால் ரோட்டில் போகும்போது காற்றுக்குப் பிய்த்துக்கொள்ளும் என்று வண்டி முதலாளி சொன்னார், இவரும் சரி என்றார். எடப்பாடிப் பக்கம் ஒரு காட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் கதவின் மேல் விழுந்து முட்டியிருக்கிறார்கள். முட்ட முட்ட அது இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டது. பிணங்களை எடுத்த பிறகு கண்ணுசாமி போய்ப் பார்த்தபோது கதவு அவர் வைத்த இடத்தில் சேதமில்லாமல் நின்றது, கீல் கூட நெளியவில்லை. நல்ல வேலை என்று அன்றைக்கு வரைக்கும் அவர் பெருமைப்பட்டது அதைத்தான். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்கப்புறம் அவர் கட்டிய எந்த ஊட்டுவண்டியிலும் பின்பக்கம் இரண்டாவதாக ஒரு வழி இருந்தது. தரையோடு தரையாக, இரண்டடிக்கு இரண்டரையடி தகரப் பலகை. புகை மேலேதான் முதலில் சேரும், கீழே மூச்சு விடலாம் என்று அவருக்குத் தெரியும். பலகைக்கு மேல்பக்கம் கீல். கீழ்ப்பக்கம் விரல் கனத்தில் இரண்டு மரக்குச்சிகள், அவ்வளவுதான் பூட்டு. இருட்டில், புகையில், பயத்தில் தாழ்ப்பாளைத் தேட முடியாது. மல்லாக்கப் படுத்து இரண்டு காலையும் சேர்த்து ஓர் உதை விட்டால் குச்சி முறிந்து பலகை வெளியே போகும். வண்டி ஆட்டத்தில் தடதடக்காமல் இருக்க ஓரத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். திருடன் நுழைவான் என்று ரிக் முதலாளி பெரியசாமி சண்டை பிடித்தார். சரி என்று வெளியே கைப்பிடி இல்லாமல், கடப்பாரை நுனி கூட நுழையாதபடி பலகை ஓரத்தை மடித்து, ஆங்கிள் வைத்து இடுக்கை மூடினார். உள்ளே பலகைக்கு மேலே சிவப்புப் பெயிண்டில், தன் கையாலேயே, கோணல் எழுத்தில் எழுதினார்: உதைத்தால் திறக்கும்.

அப்படி ஒரு வண்டியில்தான் அவர் தம்பி வேலைக்குப் போனான். அப்பா அம்மா போன பிறகு கண்ணுசாமி தூக்கி வளர்த்த பையன் அப்புசாமி. வளர்ந்து பெரியசாமியின் ரிக்கில் துளை போடும் டிரில்லர் ஆகிவிட்டான். அண்ணன் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்தவன் இல்லை, பீடி பிடித்தவன் இல்லை. எண்பத்து மூன்றாம் வருஷப் பஞ்சத்தில் கிணறெல்லாம் காய்ந்து, ரிக்குக்கு ராத்திரி பகல் ஓய்வில்லாமல் போனது. அந்தச் சித்திரையில் ஜலகண்டாபுரம் தாண்டி ஆத்தாயி என்கிற ஒரு அம்மாவின் காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊட்டுவண்டியின் படிக்கட்டு பிய்ந்து தொங்குகிறது, அண்ணனை வரச் சொல்லுங்கள் என்று தம்பி ஆள் அனுப்பியிருந்தான்.

கண்ணுசாமி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ராத்திரி முழுக்க ஓட்டி இருநூற்றெண்பது அடி போயும் புகை மாதிரிக் கல்மாவுதான் வந்தது, ஈரமில்லை. ஆத்தாயி தோண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அப்புசாமியையும் சேர்த்து ஆட்கள் நாலு பேரும் சாப்பிட்டுப் படுக்கப் போகிற நேரம். கண்ணுசாமி வழக்கம் போல முதலில் வண்டிக்குள் ஏறிப் பின்பக்கம் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவர் போட்ட பலகையின் மேல் காளியம்மன் படம். சின்னப் படமில்லை, பலகையை முழுசாக மறைக்கிற கண்ணாடி போட்ட படம், நாலு மூலையிலும் பலகையோடு சேர்த்து ஸ்குரு அடித்து முடுக்கியிருந்தது. அரளிப்பூ மாலை, முன்னால் பித்தளை விளக்கு. சிவப்பு எழுத்தின் மேல் வெள்ளிப் பெயிண்ட் அடித்து ‘அம்மன் துணை’ என்று எழுதியிருந்தார்கள். அம்மனுக்கு நேரே கால் நீட்டக் கூடாதென்று எல்லோரும் தலையை அந்தப் பக்கம் வைத்துத்தான் படுப்பார்கள். ஒரு விதத்தில் பார்த்தால் வழியில் எந்தத் தடையும் இல்லை. வண்டியிலேயே சுத்தமான இடம் அதுதான். தினமும் கூட்டித் துடைத்து, ஓர் அரிசி மூட்டையைக் கூட அங்கே வைக்காமல் வைத்திருந்தார்கள். வேறு எதை வைத்து அடைத்திருந்தாலும் கண்ணுசாமி ஒரு தள்ளுத் தள்ளியிருப்பார்.

படத்தைக் கழற்றி முன்பக்கம் மாட்டு என்றார் தம்பியிடம். அப்புசாமி மரியாதையாகத்தான் மறுத்தான். படம் மாட்டினதிலிருந்து ஒன்பது இடத்தில் போர் போட்டாயிற்று, ஒன்பதிலும் தண்ணீர், இந்தப் பஞ்சத்தில் வேறு எந்த ரிக்குக்கு அப்படி விழுந்திருக்கிறது என்று கேட்டான். இங்கே இன்னும் தண்ணீர் காணாத நேரத்தில் அவளை இடம் மாற்றினால் அந்த ஆத்தாயி அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? தண்ணீருக்கு அம்மன் இருக்கட்டும், தீ பிடித்தால் என்ன செய்வாய் என்றார் கண்ணுசாமி. பேச்சு தடித்தது. கடைசியில் அவர் வாயிலிருந்து அது வந்தேவிட்டது.

“அவசரம்னு வந்தா அந்தப் படத்து மேலதாண்டா கால வெக்கோணும்.”

மேல் படுக்கைப் பலகையில் படுத்திருந்த ரிக் ஆள் சென்றாயன் எழுந்து உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். அப்புசாமியின் முகம் சுண்டிப் போயிற்று.

“அப்படி ஒரு நாளு வந்தா நான் உள்ளயே கெடந்துக்கறேனுங்கண்ணா. ஆத்தா மேல கால வெக்க மாட்டேன்.”

அண்ணனிடம் அவன் அவ்வளவு கறாராகப் பேசியது அதுதான் முதல் தடவை. கண்ணுசாமிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவனுக்காகத்தானே இந்த வழியையே வைத்தோம், எப்படியோ தொலையட்டும் என்று இறங்கி, ரிக்கோடு இருந்த வெல்டிங் செட்டைப் போடச் சொன்னார். எல்லோரையும் இறக்கிவிட்டுத்தான் வேலை செய்வேன் என்று வேறொரு நாளாக இருந்தால் சொல்லியிருப்பார். ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர்கள், இரண்டு நிமிஷ வேலைதானே, படுத்திருக்கட்டும் என்று தம்பி சொன்னபோது, இவர் பாட்டுக்கு வெல்டிங் ராடை எடுத்து மாட்டினார். படிக்கட்டுக்கு மேலே, கதவை ஒட்டி உள்ளே ஒரு தகரப் பெட்டி உண்டு. வெல்டிங் வைக்கும் முன்னால் தகரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்பார், சாக்கை நனைத்துப் போடுவார், ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் வைப்பார். பட்டறைப் பையன்களை இதற்காக அவர் அடித்தது கூட உண்டு. அன்றைக்கு மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை. கண்ணாடியை முகத்துக்குப் பிடித்தார், ராடை வைத்தார், பொறி பறந்தது, படிக்கட்டு நின்றது. வேலை சுத்தம்.

வேலையை முடித்துவிட்டுப் பனைமரத்தடிக்குப் போய் ஆத்தாயியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவள் மைல் தூரம் போய் எடுத்து வந்த ஒரு குடம் தண்ணீர். உள்ளே நாலு பேரும் தூங்கிவிட்டார்கள். காற்றில்லாத வெயில். பீடி ஒன்றைப் பற்ற வைத்து, அது பாதி எரிந்த நேரம், கதவுப் பக்கம் கரும்புகை நூலாக ஏறுவதைப் பார்த்தார். பீடி கீழே விழுந்தது. அந்தப் பெட்டிக்குள் கை துடைத்து டீசலில் தோய்ந்த கழிவு நூலும், ஒரு டப்பா நிறைய டீசலும் இருந்தன என்று அவருக்கு அப்புறம்தான் தெரியும். ஆனால் எங்கே இருந்து வந்த தீ என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது.

ஓடி வருவதற்குள் கதவு முழுக்க நெருப்பு. ஆத்தாயி அந்தக் குடத்துத் தண்ணீரை அப்படியே வீசினாள், ஆவியாகப் போயிற்று. தண்ணீர் எடுக்கத் தோண்டுகிற இடத்தில் வேறு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. டிரைவர் சீட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே தகரத் தடுப்பு. ஜன்னல் முழுக்கக் கம்பி, திருட்டுக்குப் பயந்து அவரே வைத்த கம்பி. உள்ளே ஒருவன் அலறினான், அப்புறம் எல்லோரும் இருமுகிற சத்தம். கண்ணுசாமி பின்பக்கம் ஓடினார். போகிற போக்கில் தன் பையிலிருந்து சுத்தியலையும் உளியையும் உருவிக்கொண்டார். மடித்த ஓரத்தில் உளியை வைத்து அடித்தார், வழுக்கியது. இன்னோரிடத்தில் வைத்தார், வழுக்கியது. கடப்பாரை நுனி கூட நுழையாதபடி கட்டியிருக்கிறேன் என்று பெரியசாமியிடம் பெருமை அடித்தவர் தன் வேலையிடமே தோற்றுக்கொண்டிருந்தார். எடப்பாடிக் காட்டில் சேதமில்லாமல் நின்ற அந்தக் கதவு கண்ணுக்கு முன்னால் வந்தது. உளி நழுவி விழுந்தது.

“அப்பு! பலகைய உதைடா!”

தகரத்துக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்டத்தில், தம்பியின் குரல் கேட்டது. “படத்தக் கழட்டறேனுங்கண்ணா.” நகத்தால் தகரத்தைப் பிறாண்டுகிற சத்தம். ஸ்குருவைக் கைவிரலால் திருகப் பார்க்கிறான். நாலு ஸ்குரு, நன்றாக முடுக்கினது. எத்தனை நேரம் ஆகும் என்று கண்ணுசாமி கணக்குப் போட்டார், அத்தனை நேரம் இல்லை. ஜன்னல் வழியாகப் புகை கட்டி கட்டியாக வெளியே வந்தது. பிறாண்டுகிற சத்தம் மெதுவாகிக்கொண்டே வந்தது. உள்ளேயே கிடந்துவிடுவேன் என்று சொன்னவன், சொன்னதைச் செய்கிற பையன். அவனை அப்படி வளர்த்தவரும் இவர்தான். கண்ணுசாமி தகரத்தின் மேல் முகத்தை வைத்தார். அது சுட்டது. கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது, இவன் போய்விட்டால் நான் இருந்து என்ன செய்ய என்பது மட்டும்தான் அவருக்குள் இருந்தது.

“அப்பு, நாஞ்சொல்றதக் கேளு. மல்லாக்கப் படு. கால இந்தப் பக்கம் வெய்யி. உதைக்கறது நீ இல்லெ, நானு. பாவமெல்லாம் எந்தலையில. உங்கண்ணன் சொல்றேன், உதை.”

ஒன்று, இரண்டு, மூன்று என்று மூச்சை எண்ணினார். பிறகு கண்ணாடி நொறுங்குகிற சத்தம். பலகை அதிர்ந்தது, ஒரு குச்சி முறிவது அவர் காதில் விழுந்தது. இரண்டாவது உதைக்குப் பலகை வெளியே வீசி எழுந்து அவர் தோளில் இடித்தது. புகைக்குள்ளிருந்து இரண்டு கால்கள், பாதமெல்லாம் ரத்தமும் கண்ணாடிச் சில்லுமாக நீண்டன. அந்தக் கால்களைப் பிடித்து இழுத்தார். அவனுக்குப் பின்னால் சென்றாயன் முதுகு வெந்து தவழ்ந்து வந்தான். அப்புறம் மற்ற இரண்டு பேரும் வந்தார்கள். நாலு பேர். கண்ணுசாமி ஒவ்வொருவர் தலையையும் தொட்டு எண்ணினார், திருப்பி எண்ணினார். வண்டி ஒரு மணி நேரம் எரிந்து சேசிஸ் மட்டும் மிஞ்சியது.

பனைமரத்தடியில் ஆத்தாயி தன் முந்தானையைக் கிழித்து அப்புசாமியின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ரிக் லாரியைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது சென்றாயன், யாரையும் குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னான். கண்ணுசாமி அண்ணன் அப்படி ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாது, ஆத்தாளுக்குப் பொறுக்கவில்லை, காட்டிவிட்டாள் என்று. மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அப்புசாமி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காலை வெட்டிப் போட்டுவிடலாம் என்பது போல இருந்தது அவன் பார்வை.

கண்ணுசாமி சும்மா இருந்திருக்கலாம். படிக்கட்டும் பெட்டியும் கருகி நெளிந்து கிடந்தன, ஒரு சாட்சியும் இல்லை. அம்மன் கோபம் என்றே விட்டிருந்தால் தொழிலும் பேரும் தம்பியும் அவரிடம் இருந்திருக்கும். ஆனால் அடுத்த வண்டியில் இதே இடத்தில் இதைவிடப் பெரிய படம் வரும். அப்புசாமி அதற்கு முன்னால் விழுந்து கும்பிட்டுக்கொண்டே இருப்பான், ஆயுசுக்கும் தன் காலை மன்னிக்க மாட்டான். இந்த இரண்டையும் அவரால் தாங்க முடியவில்லை.

“ஆத்தாளச் சொல்லாதீங்க,” என்றார். “அவ ஒண்ணும் பண்ணலெ. தீய வெச்சது நானு. சாக்க நனைக்கலெ, பொட்டியத் தொறந்து பாக்கலெ. இவம் மேல இருந்த கோவத்துல, உள்ள ஆள வெச்சுக்கிட்டே வெல்டிங் வெச்சேன்.”

அப்புசாமி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். லாரியில் ஏறும்போது கை கொடுக்கப் போனவரைத் தாண்டிச் சென்றாயனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

பெரியசாமி அதற்கப்புறம் பட்டறைப் பக்கம் வரவில்லை. மற்ற ரிக் முதலாளிகளும் கேள்விப்பட்டு ஒதுங்கினார்கள். கண்ணுசாமி வீடுகளுக்கு இரும்புக் கேட்டும், தறிக் கூடத்துக்கு ஷட்டரும் செய்து பிழைத்தார். ஜன்னல் கம்பி மட்டும் வைக்க மாட்டேன் என்று சொல்லி, வந்த வேலையையும் திருப்பி அனுப்பினார். அப்புசாமி சௌந்திரத்தைக் கூட்டிக்கொண்டு மாமனார் ஊரான ஆட்டையாம்பட்டிக்கே போய்விட்டான். பொங்கலுக்குச் சௌந்திரம் மட்டும் வந்து கந்தம்மாளைப் பார்த்துவிட்டுப் போவாள். கால் ஆறிவிட்டது, கொஞ்சம் தாங்கி நடக்கிறார் என்று சொன்னாள். அடுத்த பொங்கலுக்கும் அவள் மட்டும்தான் வந்தாள். கண்ணுசாமி இரண்டு தடவையும் அவளிடம் ஒன்றும் கேட்காமல், அவள் போன பிறகு கந்தம்மாளை உலுக்கி எடுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

எண்பத்தைந்து ஆவணியில் ஒரு காலை நேரம் பட்டறை வாசலில் ஒரு பழைய பஸ் வந்து நின்றது. அப்புசாமி இறங்கினான், தாங்கித் தாங்கித்தான் நடந்தான். இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து ரிக் எடுத்திருப்பதாகச் சொன்னான். “ஊட்டுவண்டி ஒண்ணு கட்டோணுங்கண்ணா,” என்றான். கண்ணுசாமி டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார்.

இந்தத் தடவை முதல் வேலையாக, டிரைவருக்குப் பக்கத்தில் தலைக்கு மேலே அம்மனுக்கு ஒரு மாடம் செய்தார். பூ வைக்க, விளக்கு வைக்க, அதற்குக் கீழே யாரும் படுக்காதபடி. கம்பியில்லாத ஜன்னல் இரண்டு வைத்தார். பின்பலகைக்கு வெளியிலும் இழுக்க ஒரு வளையம் வைத்தார். திருடன் வந்தால் வரட்டும் என்றான் அப்புசாமி. சிவப்பு எழுத்தை மட்டும் கண்ணுசாமி எழுதவில்லை. பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதலாமா என்று தெரியாமல் நின்றார். அப்புசாமி பிரஷ்ஷை வாங்கித் தானே எழுதினான். அண்ணன் எழுத்தை விட அது இன்னும் கோணல்.

பெயிண்ட் காய்ந்த மறுநாள், வண்டியை ஓட்டிப் போகும் முன்னால், பின்பக்கம் போய் நில்லுங்கள் என்றான் அப்புசாமி. கண்ணுசாமி பின்னால் போய் நின்றார். உள்ளே செருப்பைக் கழற்றுகிற சத்தம், பலகைத் தரையில் ஆள் படுக்கிற சத்தம் கேட்டது. எங்கேயும் தீ இல்லை, புகை இல்லை. படீரென்று குச்சிகள் முறிந்து பலகை மேலே எழுந்தது. அண்ணன் எதிரில் ஒரு நாளும் காலை நீட்டாதவனின் இரண்டு பாதங்களும், குறுக்கும் நெடுக்குமாகத் தழும்போடு, அவர் முகத்துக்கு நேராக நீண்டு நின்றன.

கண்ணுசாமி அந்தப் பாதங்களை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து இரண்டு புதுக் குச்சிகளை எடுத்தார்.

“மாத்திப் போடறேன்,” என்றார். “இன்னொருக்கா உதைடா.”